மூடுவது சரி, திறப்பது யார்?

பெருந்தொற்று வந்தால் பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதானே, இதில் முன்கூட்டித் தயாராக என்ன இருக்கிறது என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மூடுவது ஒரு வரி உத்தரவு, அதை யாரும் போட்டுவிடலாம்.

1918-ல் ஃபுளூ காய்ச்சல் அமெரிக்காவைப் புரட்டிப் போட்டபோது பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின, நியூயார்க் மூடவில்லை. அங்கே ஏறக்குறைய 10 லட்சம் பிள்ளைகள், அதில் முக்கால்வாசிப் பேர் காற்றோட்டமில்லாத நெரிசல் குடியிருப்புகளில் இருந்தவர்கள். அங்கே அடைந்து கிடப்பதைவிட, பள்ளிக்கு வந்தால் தினமும் யாராவது அவர்களைப் பார்ப்பார்களே என்று சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்ட் கணக்குப் போட்டார். பிள்ளைகள் வெளியில் கூட்டமாக நிற்காமல் நேராக வகுப்புக்குப் போக வேண்டும். காலையில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் பார்ப்பார். யாருக்காவது காய்ச்சல் என்றால் தனியே உட்காரவைத்து, சுகாதாரத் துறை ஆள் வீட்டுக்கே கூட்டிப்போய், அங்கே ஒதுக்கிவைத்துப் பார்த்துக்கொள்ள இடம் இருக்கிறதா என்றும் பார்ப்பார். அது சரியான முடிவா என்று இன்னும் வாதம் ஓடுகிறது, அதை விடுங்கள். அப்படி ஒரு முடிவை எடுக்க அவரால் எப்படி முடிந்தது? 1902-லேயே அந்த நகரம் பள்ளிகளுக்குச் செவிலியரை அனுப்பத் தொடங்கியிருந்தது. பேன், கண்நோய், சொறி பார்க்க வந்தவர்கள் அவர்கள். ஃபுளூவை யாரும் நினைத்தே பார்க்கவில்லை. ஆனால் அன்றாட வேலைக்கு என்று முன்பே இருந்த ஏற்பாடுதான் ஆபத்தில் கைகொடுத்தது.

அதனால்தான் சுகாதாரத் துறைகள் வருகைப் பதிவேட்டை இவ்வளவு கேட்கின்றன. ஒரு வகுப்பில் வழக்கமாக எத்தனை பேர் வராமல் இருப்பார்கள் என்று தெரிந்திருந்தால்தான், ஏழு பேர் வராத திங்கட்கிழமை உறைக்கும்.

திட்டம் எழுதுகிறவர்கள் கோட்டை விடுகிற இடம் இன்னொன்று இருக்கிறது: முடிவை மாற்றுவது. 2009 ஏப்ரலில் எச்1என்1 என்ற பன்றிக் காய்ச்சல் கிளம்பியபோது, நோயாளி இருக்கிற பள்ளியை 14 நாள் வரை மூடச் சொன்னது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம். மே 5-ஆம் தேதியே, நோய் பயந்த அளவுக்குக் கடுமையில்லை, காய்ச்சல் உள்ள பிள்ளை மட்டும் வீட்டில் இருக்கட்டும் என்று மாற்றிக்கொண்டது. சொன்னதை மாற்றியதற்குத் திட்டு விழுந்திருக்கும்தான், ஆனால் எனக்கு அது பிடித்திருக்கிறது. 2020-ல் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பள்ளி மூடியபோது, எந்த நிலை வந்தால் திறப்பது என்று முன்பே எழுதிவைத்திருந்தவர்கள் குறைவு.

ஒரு பள்ளியின் பெருந்தொற்றுத் திட்டத்தைச் சோதித்துப் பார்க்கிற ஒத்திகையில் நானே உட்கார்ந்திருக்கிறேன். மேசையைச் சுற்றிப் பத்துப் பேர், அரை மணிக்கு ஒரு உறை பிரிப்பார்கள், அடுத்து என்ன நடந்தது என்று அதில் எழுதியிருக்கும். முதல் உறையில் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல். உடனே திட்டத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டோம், எடுத்தவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. எல்லோரும் சிரித்தோம். இரண்டாவது உறையில் பள்ளியை மூடியாயிற்று. அப்போது அதுவரை வாயே திறக்காத வேன் ஓட்டுநர், “மதியச் சாப்பாட்டுக்காகவே வர்ற பிள்ளைங்க இருக்குதுங்களே, அதுங்களுக்கு யார் கொண்டுபோய்க் கொடுக்கிறது?” என்று கேட்டார். நாற்பது பக்கத் திட்டம் அது, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம், பதில் எங்கேயும் இல்லை. அப்புறம் அந்தப் பக்கத்தை அவரை வைத்துத்தான் எழுதினோம். எந்தத் தெருவுக்குள் வேன் போகும், எதற்குள் போகாது என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது.