கண்ணுக்கு விளக்கு போதும். உடலுக்குப் பகல் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

மனிதரின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் பெரிதும் வேண்டியது பகல் வெளிச்சமா, விளக்கு வெளிச்சமா என்பது இன்றைய வழக்கு. பகல் வெளிச்சமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். விளக்கில்லாமல் நள்ளிரவில் அறுவைச் சிகிச்சை நடக்குமா என்பது முதலாவது. வெயில் தோல் புற்றுநோயைத் தருகிறதே என்பது அடுத்தது. சூரியன் செய்வதை இன்று விளக்கே செய்துவிடுகிறதே என்பது மூன்றாவது.

நள்ளிரவில் விளக்கு வேண்டும். அதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் அது அந்த மருத்துவர் பார்ப்பதற்கான வெளிச்சம். நம் வழக்கு வேறு. பார்ப்பதற்குப் போதுமான வெளிச்சம் உடலுக்கும் போதுமா? போதாது, நடுவர் அவர்களே. என் வாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். உச்சிவேளையில் வெட்டவெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய பகலிலும் பல ஆயிரம் இருக்கும். நாம் வெளிச்சமான அறை என்று மெச்சுகிற அலுவலகத்தில் இருப்பதோ 300 முதல் 500 லக்ஸ். இவ்வளவு பெரிய வேறுபாடு நமக்கு ஏன் உறைப்பதில்லை? கண்ணின் பாப்பா விரிந்து கொடுக்கிறது, விழித்திரையும் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. மங்கலான அறையும் நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. கண் சமாளித்துக்கொள்கிறது, உடலால் அப்படிச் சமாளிக்க முடிவதில்லை.

விழித்திரையில் குச்சி செல்களும் கூம்பு செல்களும் இருப்பதைப் பள்ளியில் படித்தோம். வெளிச்சத்தைத் தாமே உணரும் இன்னொரு வகை நரம்பணுக்களும் அங்கே இருப்பது 2002-ல் உறுதியானது. அவற்றில் மெலனோப்சின் என்ற நிறமி இருக்கிறது. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியே அதை மிகுதியாகத் தூண்டும். பகல் வானில் அந்த ஒளிக்குக் குறைவே இல்லை. இந்த அணுக்களின் முதன்மையான வேலை உருவம் காட்டுவதன்று. மூளையில் சுமார் 20,000 நரம்பணுக்களால் ஆன உடல் கடிகாரத்துக்கு ‘இப்போது பகல்’ என்று அறிவிப்பது. அந்தக் கடிகாரம் தன்போக்கில் விட்டால் சராசரியாக 24 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். நாள்தோறும் அதைத் திருத்தி வைப்பது வெளிச்சம்தான். பார்வையை முற்றிலும் இழந்த சிலரிடமும், கண்ணில் வெளிச்சம் பட்டதும் தூக்கத்துக்குரிய மெலடோனின் என்ற ஹார்மோன் குறைவதை 1995-ல் கண்டறிந்தார்கள். பார்ப்பது வேறு, உடல் வெளிச்சத்தை உணர்வது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சிலரை ஒரு வாரம் மலைப்பகுதியில் கூடாரத்தில் தங்க வைத்தார்கள். மின்விளக்கு கிடையாது, பகலும் இரவில் மூட்டிய நெருப்பும்தான் வெளிச்சம். 2013-ல் வெளியான அந்த ஆய்வில், அவர்களுடைய உடலில் மெலடோனின் சுரக்கத் தொடங்கும் வேளை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னே வந்திருந்தது. இரவில் தூக்கம் வரவில்லை என்று புலம்பும் நாம், பகலில் வெளிச்சத்தைப் பார்த்தோமா என்று கேட்டுக்கொள்வதே இல்லை.

அடுத்து, தோல் புற்றுநோய். உண்மைதான். சூரியக் கதிர்வீச்சைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. உச்சி வெயிலில் போய்த் தோலைக் கருக்கிக்கொள்ளுங்கள் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. நாங்கள் கேட்பது வெளிச்சத்தை. காலை வேளையில், மர நிழலில், தொப்பி அணிந்தும் அது கிடைக்கும். அந்த நிழலும் பெரும்பாலும் நம் அறைகளைவிடப் பல மடங்கு வெளிச்சமானது.

மூன்றாவது வாதம், விளக்கே சூரியனுக்கு ஈடு என்பது. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையை நீல விளக்கு ஆற்றுகிறது என்றார் எதிரணித் தலைவர். ஆற்றுகிறது, இன்றும் அந்தக் குழந்தைக்கு மருத்துவமனையின் விளக்குதான் சிகிச்சை. ஆனால் அந்த விளக்கு எங்கிருந்து வந்தது? 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைக் கவனித்துவந்த செவிலியர் ஜீன் வார்டு, வெயில் அடிக்கும் நாள்களில் அவர்களை வெளியே கொண்டுவருவார். ஒரு குழந்தையின் உடலில் துணி மறைத்த இடத்தில் மட்டும் மஞ்சள் மாறாமல் நின்றதை அவர் மருத்துவர்களிடம் காட்டினார். அதன் பிறகுதான் மருத்துவர் கிரெமரும் உடன் பணியாற்றியவர்களும் விளக்கை வைத்துச் சோதித்து 1958-ல் வெளியிட்டார்கள். குளிர்காலச் சோர்வு நோய்க்குக் காலையில் அரைமணி நேரம் பயன்படுத்தும் 10,000 லக்ஸ் விளக்குப் பெட்டியும் அப்படித்தான்: பகல் குறுகும் நாடுகளில் மனம் சோர்வதைக் கண்டு, இழந்த பகலை ஈடுசெய்ய வந்தது. மருந்தாக வந்த விளக்குகள் சூரியனிடம் கற்றுக்கொண்ட மாணவர்கள்.

இப்போது, என் நெஞ்சை அழுத்தும் செய்திக்கு வருகிறேன். நம் குழந்தைகளின் கண்கள்.

கிட்டப்பார்வை பரம்பரையால் வருகிறது, அதிகம் படிப்பதால் வருகிறது என்றே நம்பி வந்தோம். சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளைச் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2008-ல் வெளிவந்தது. சிங்கப்பூரில் 29.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 விழுக்காட்டினருக்கு மட்டும். பெற்றோரின் பார்வைக் குறைபாட்டில் பெரிய வேறுபாடு இல்லை. வாசிப்போ சிட்னிக் குழந்தைகளிடம்தான் கூடுதல்! துலக்கமாகத் தெரிந்த வேறுபாடு, வாரத்தில் வெளியில் கழித்த நேரம்: சிட்னியில் 13.75 மணி, சிங்கப்பூரில் 3.05 மணி.

இது வெறும் ஒப்பீடுதானே என்று எதிரணி கேட்கலாம். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் நேரடியாகவே சோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு. மூன்று ஆண்டுகளில் மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வெளியில் வகுப்பு நடத்திய பள்ளிகளில் 30.4 விழுக்காட்டினருக்கு. மருந்து இல்லை, கருவி இல்லை. கதவைத் திறந்து வெளியே அனுப்பினார்கள், அவ்வளவுதான். பிரகாசமான ஒளி விழித்திரையில் டோப்பமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து, கிட்டப்பார்வை வரும்படி கண்கோளம் நீண்டுவிடாமல் காக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்று கேட்பது நம் வழக்கம். இந்தப் பிள்ளைகளுக்கோ சூரியனைப் பறித்ததால்தான் கண் கெடுகிறது. தேர்வு நெருங்கினால் பள்ளிகள் முதலில் பறித்துக்கொள்வது விளையாட்டு நேரத்தைத்தான். வீட்டுக்கு வந்தால் தனி வகுப்பு. அங்கும் ட்யூப்லைட்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். பகல் வெளிச்சத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. அதோடு, பிள்ளைகளிடமிருந்து பறித்த விளையாட்டு நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.