கார்டு வந்தாச்சு, பணம் ஏன் வரல?

நேயர்களுக்கு வணக்கம்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முடநீக்கு வல்லுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். செயற்கைக் காலுக்கு அளவெடுப்பது, பலவீனமான காலைத் தாங்கும் காலிப்பர் கருவியைச் சரிசெய்வது, இதுதான் என் வேலை. ஆனால் கால் அளந்த நேரத்தைவிட, எதிரே நிற்பவர் நீட்டும் பிளாஸ்டிக் கவரைப் பிரித்துக் காகிதம் பார்த்த நேரம்தான் அதிகம். "சார், கார்டு வந்து மாசக்கணக்காச்சு, பணம் இன்னும் வரலையே?" என்பதுதான் அங்கே தினமும் கேட்கிற கேள்வி.

கார்டு வந்தால் பணம் தானாக வந்துவிடாது. அந்தக் கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தருகிற யூடிஐடி கார்டு என்பது, உங்களுக்கு எந்த வகைக் குறைபாடு, எத்தனை சதவீதம் என்று சொல்கிற அடையாள அட்டை, அவ்வளவுதான். உதவித்தொகைக்கு ஒரு மனு, பஸ் பாஸுக்கு ஒரு மனு, ரயில் சலுகைக்கு ஒரு மனு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது எல்லா மேசையிலும் முதலில் பார்ப்பது மருத்துவச் சான்றில் இருக்கும் இரண்டு விஷயத்தைத்தான். வகை என்ன, சதவீதம் என்ன. அதனால் சான்று வாங்கப் போகிற நாளைப் பற்றித்தான் இன்றைக்கு அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் யூடிஐடிக்கு இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். இ-சேவை மையத்தில் செய்யலாம், வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் கைப்பேசியிலேயே செய்யலாம். ஆதார், புகைப்படம், கையெழுத்து அல்லது கைரேகை, முகவரிச் சான்று போதும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். மையத்தில் இருக்கிற பையன் அவசரத்துக்குத் தன் நம்பரையே போட்டுவிடுவான். பிறகு ஓடிபியும் குறுஞ்செய்தியும் அவனுக்குப் போகும், நீங்கள் ஒன்றும் தெரியாமல் வீட்டில் காத்திருப்பீர்கள். உங்கள் வீட்டு நம்பரைத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது, குறைபாட்டைப் பார்த்துச் சான்று தருகிற மருத்துவக் குழு. பெரும்பாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் கூடும். எந்தக் கிழமை, எலும்பு டாக்டரும் மனநல டாக்டரும் ஒரே நாளில் வருவார்களா என்பதை மாவட்ட நல அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் அதையும் அந்தப் போனிலேயே சொல்லிவிடுங்கள். அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்துவதற்கு முன்னால் வேறு வழி உண்டா என்று கேட்பதில் தப்பில்லை.

பழைய காகிதம் எதையும் விடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன், காது கேளாதவர் என்றால் கேட்கும் திறனை அளந்த ஆடியோகிராம், அறிவுசார் குறைபாடு என்றால் உளவியலாளர் எடுத்த ஐ.க்யூ. அறிக்கை. டாக்டர் உங்களைப் பார்ப்பது சில நிமிடம்தான். இத்தனை வருஷக் கதையை அந்தக் காகிதங்கள்தான் அவருக்குச் சொல்லும்.

சான்று கைக்கு வந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அங்கேயே ஓரமாக உட்கார்ந்து படியுங்கள், படிக்கத் தெரியாதவர் யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். பெயரும் இனிஷியலும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா? நிரந்தரம் என்று போட்டிருக்கிறதா, தற்காலிகம் என்று போட்டிருக்கிறதா? தற்காலிகம் என்றால் முடிகிற தேதி எது? குழந்தைகளுக்கும், நிலைமை மாறக்கூடும் என்று டாக்டர் நினைப்பவர்களுக்கும் தற்காலிகச் சான்று கொடுப்பார்கள். அந்தத் தேதியை மறந்துவிட்டால், வந்துகொண்டிருக்கிற பணமும் நின்றுபோகும்.

சதவீதக் கணக்கில் அடிக்கடி தகராறு வரும். காலில் 40, கண்ணில் 40, அப்படியானால் 80 போடாமல் 62 போட்டிருக்கிறார்களே என்று சண்டைக்கு வருவார்கள். இரண்டு குறைபாட்டையும் நேராகக் கூட்டுவதில்லை. பெரிய எண்ணை 90இல் கழித்து, மிச்சத்தைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். 90இல் 40 போக 50. அதை 40ஆல் பெருக்கினால் 2000, 90ஆல் வகுத்தால் 22 சொச்சம். 40ஓடு சேர்த்தால் 62. டாக்டர் யாரையும் ஏமாற்றவில்லை, சூத்திரமே அப்படி. ஆனால் மதிப்பீடே தவறு என்று உங்களுக்கு உறுதியாகத் தோன்றினால், முடிவு சொன்ன நாளிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

இன்னொன்று. 1995ஆம் வருஷச் சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தது. 2016ஆம் வருஷச் சட்டத்தில் அது 21 ஆகிவிட்டது. கை நடுக்கம் வருகிற பார்க்கின்சன், ரத்தம் உறையாத ஹீமோபிலியா, ரத்தக் குறைபாடான தலசீமியா, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள், கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகள் எல்லோரும் இப்போது இதற்குள் வருகிறார்கள். தாத்தாவுக்குக் கை நடுக்கம், வயசானால் வருவதுதானே என்று வீட்டிலேயே வைத்திருக்கிற குடும்பங்கள் ஏராளம்.

இனி பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் மாதாந்திரப் பணத்துக்கு இரண்டு வாசல். ஒன்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தரும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2000 ரூபாய். இன்னொன்று, தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் வழியாக வருவாய்த் துறை தருகிற ஓய்வூதியம், 1500 ரூபாய். இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. எந்த வாசலுக்குப் போவது என்பதைச் சதவீதம் மட்டும் தீர்மானிப்பதில்லை, வகையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

ஓர் அம்மாவை நினைவு இருக்கிறது. மகனுக்கு அறிவுசார் குறைபாடு, சான்றில் 50 சதவீதம். பக்கத்து வீட்டில் போலியோ வந்த பெரியவருக்கும் 50 சதவீதம். அவர் மனு கொடுத்து, 75 இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "அவருக்கே இல்லைன்னா எம் புள்ளைக்கு எப்படிங்கய்யா கிடைக்கும்" என்று அந்த அம்மா மனுவே போடாமல் இருந்தார். கை கால் பாதிப்புக்கு 75 வேண்டும், அது சரி. ஆனால் அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோய் பாதிப்பு இவற்றுக்கெல்லாம் 40 இருந்தாலே பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு போடலாம். அந்தப் பெரியவர் போக வேண்டிய இடம் தாலுகா ஆபீஸ். இந்தப் பையனுக்கு உரிய இடம் நல அலுவலகம். இதைச் சொல்ல அந்தத் தெருவில் ஆள் இல்லை.

மனுவோடு சான்று, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், இவற்றின் நகல் வையுங்கள். கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். ரொம்ப நாள் தொடாத கணக்கு முடங்கிக் கிடக்கும், அதனால் மனு போடுவதற்கு முன்னால் நூறு ரூபாயாவது போட்டு எடுத்துப் பாருங்கள். தொழுநோயால் விரல் மழுங்கியவர்களுக்கு ரேகை விழாது. அவர்கள் ஆதார் மையத்தில் கருவிழிப் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டில்லாமல் நகராதீர்கள். பதிலே வரவில்லை என்றால், அந்தச் சீட்டோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் நிற்கலாம். வெளியே டீக்கடையில் உட்கார்ந்து "ஆயிரம் கொடுங்க, முடிச்சுத் தரேன்" என்பவரிடம் போகவே வேண்டாம். எந்த விண்ணப்பப் படிவத்துக்கும் விலை இல்லை. பணம் வர ஆரம்பித்த பிறகு, வருஷத்துக்கு ஒரு தடவை வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும்.

பயணச் சலுகையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் டிக்கெட் இலவசம். ரயிலுக்கு ரயில்வேயின் படிவத்திலேயே அரசு மருத்துவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவருக்கு ஸ்லீப்பரில் முக்கால் பங்கு கட்டணம் தள்ளுபடி, துணைக்கு வருகிறவருக்கும் அதே சலுகை.

கடைசியாக, 18 வயதை நெருங்கும் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று. 18 முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் மேஜர். அதுவரை பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட்டு வந்த அப்பா அம்மாவை, இனி பாதுகாவலர் சான்று கொண்டு வாருங்கள் என்று வங்கியில் கேட்பார்கள். அதைக் கொடுப்பது 1999ஆம் வருஷத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழு. கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. அதே சட்டத்தின் கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை. இரண்டைப் பற்றியும் மாவட்ட நல அலுவலகத்தில் கேட்கலாம். பாதுகாவலர் மனுவில் அப்பா, அம்மா இரண்டு பேருமே பெயர் கொடுங்கள், ஒருவரோடு நிறுத்திவிடாதீர்கள்.

வணக்கம்.