கோட்டி ரெசிடென்சி: கட்டியவரும் குடிவந்தவர்களும்

விழாத் தலைவர் அவர்களே, சுருக்கமாகப் பேசும்படி காதோடு சொல்லியிருக்கும் செயலாளர் அவர்களே, பொன்னாடையோடு காத்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களே, மாணவியரே, வணக்கம்.

ஐதராபாத்தில் மூசி ஆற்றின் வடகரையில் நிற்கும் கோட்டி ரெசிடென்சியைக் கட்டியவர் யார், அது கைமாறியது எப்படி, அதைப் பழுதுபார்த்த முறை என்ன என்ற மூன்றையும் சொல்ல வந்திருக்கிறேன். கோட்டி என்றால் பைத்தியம் என்று பழகிய நெல்லைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். மாளிகை என்பதற்கு அங்கே வழங்கும் சொல் அது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இரண்டையும் அந்த ஒரே ஊரில் செய்து பார்த்தவர், ஐதராபாத்தை ஆண்ட நிஜாமின் அவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்டாக, அதாவது பிரதிநிதியாக, இருந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக். உயர்குடிப் பெண் கைருன்னிசாவை மணந்த அவர், மாளிகைக்கு இடம் கேட்டு நிஜாமிடம் பெரிய தாளில் வரைபடத்தை விரித்தாராம். நெடுநேரம் உற்றுப் பார்த்த நிஜாம், இயலாது என்று கைவிரித்துவிட்டார். வெளியே வந்ததும் அமைச்சர் மீர் ஆலம் சிரித்தாராம்: தம் நாட்டின் வரைபடத்தையே இவ்வளவு பெரிதாகப் பார்த்திராதவர் பயப்படாமல் என்ன செய்வார்? கிர்க்பாட்ரிக் அதே நிலத்தைச் சிறு அட்டையில் வரைந்து கொண்டுபோனார். உடனே அனுமதி கிடைத்தது. அரசு அலுவலகங்களுக்கு மனு எழுதுவோர் அட்டையின் அளவைக் குறித்துக்கொள்க!

சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த லெப்டினன்ட் சாமுவேல் ரசலின் வடிவமைப்பில், ஆறு கொரிந்தியத் தூண்கள் தாங்கும் முகப்போடு, நிஜாமின் பணத்தில் மாளிகை எழுந்தது. கட்டிப் பார்த்தவருக்கு வாழ்ந்து பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. 1805-இல் கல்கத்தாவில் இறந்தார். பர்தாவில் இருந்த மனைவி முகப்பைக் காணவென்று அவர் தோட்டத்தில் செய்துவைத்ததாகச் சொல்லப்படும் சிறு மாதிரி மாளிகை மட்டும் அவர் கதையைச் சொல்ல நின்றது.

பின்வந்த ரெசிடென்ட்டுகள் கம்பெனிக்காகவும், 1858-க்குப் பின் பிரிட்டிஷ் மகுடத்துக்காகவும் அங்கிருந்து அதிகாரம் செலுத்தினார்கள். 1857 ஜூலையில், ஆங்கிலேயருக்கு எதிரான கிளர்ச்சியின்போது, துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் திரட்டிய கூட்டம் அதன் வாயிலைத் தாக்கியது. இந்தியா விடுதலை பெற்றபின், 1949-இல் உஸ்மானியா பல்கலைக்கழக மகளிர் கல்லூரி அங்கே குடிவந்தது. அதே நகரின் ஃபலக்நுமா அரண்மனை நட்சத்திர விடுதியாயிற்று. அறை வாடகை கட்டுவோர் அங்கே தங்கலாம், குறை சொல்லவில்லை. ஆனால் ரெசிடென்ட் கோலோச்சிய கூடத்தில் பெண்பிள்ளைகள் தேர்வுக்குப் படித்தார்களே, என் கட்சி அதுதான்.

பழுதுபார்த்த முறையைச் சொல்ல நேரமில்லை என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பூட்டிக் கிடக்கும் பழைய பொதுக் கட்டடங்களை மாணவியர் படிப்பகமாக்கக் கோரும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. வீட்டைக் கட்டிப் பார்த்தவர்கள் முதலில் கையெழுத்திடலாம். அட்டை சிறியதுதான்.