"ரெண்டு மாத்திரை வெட்டித் தாங்க"

(உலக ஆஸ்துமா தினத்தையொட்டி மார்த்தாண்டம் பக்கத்து நூலகம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, அக்காமாரே, பிள்ளைகளே, வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. 28 வருஷம் மருந்துக்கடையில் நின்றவன். ஆஸ்துமாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, கடைக்கு வந்தவர்கள் கற்றுத்தந்தது.

சாயங்காலம் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை, விட்டு ஒரு அக்கா வருவார். தோள் ஏறி இறங்கும். இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை பேச்சு நிற்கும். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணிவிட்டு, "இழுப்புக்கு ரெண்டு மாத்திரை வெட்டித் தாங்க" என்பார். டாக்டர் சீட்டில் இருப்பது இன்ஹேலர். மாத்திரை அட்டையை வெட்டலாம், இன்ஹேலரை எப்படி வெட்டுவது? அன்றாடக் கூலிக்காரர் ஒரு மாசத்து மருந்துக்கு ஒரே நாளில் பணம் எடுத்து வைக்க முடியாது. வெட்டிக் கொடுத்தேன்.

அந்த மாத்திரையின் கணக்கைக் கேளுங்கள். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். இரண்டு தடவை இழுத்தாலும் மாத்திரையில் இருபதில் ஒரு பங்குதான், ஆனால் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றும். நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும். அந்த அக்கா முந்திரிப்பருப்புத் தோல் உரிக்கிறவர். எடைக்குத்தான் கூலி. விரல் நடுங்கினால் வேலை மந்தம், முழுப்பருப்பு உடைந்தால் பேச்சும் கேட்க வேண்டும். மூச்சுக்கு வாங்கிய மாத்திரை கூலியைக் குறைத்துவிடுகிறது.

மாத்திரையும் சால்பியூட்டமால் இன்ஹேலரும் அப்போதைக்கு மூச்சைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற வீக்கத்தைத் தணிப்பது ஸ்டீராய்டு கலந்த தடுப்பு இன்ஹேலர். அதைச் சும்மா இருக்கிற நாளிலும் இழுக்க வேண்டும். "நல்லா இருக்கும்போது எதுக்கு காசு?" என்று கேட்பார்கள். அரிசி வாங்க யோசிக்கிற வீட்டில் அது நியாயமான கேள்வி. அப்புறம் ஒரு நாள் நடுராத்திரி ஆட்டோ பிடித்து ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். மறுநாள் கூலியும் போகும், கூடப் போனவரின் கூலியும் போகும்.

வீட்டையும் பாருங்கள். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் சுவர் பூசணம் பிடிக்கிறது. நனைந்த கதம்பையும் (தேங்காய் மட்டை) தென்னை மடலும் எரிகிற அடுப்பு, படுக்கிற அறையிலேயே இருக்கிறது. புகையை ஒதுக்குங்கள் என்று சொல்வது சுலபம். ஒதுங்க இன்னொரு அறை வேண்டாமா?

பெண்பிள்ளை என்றால் இன்னொரு பாரம். கல்யாணம் தட்டிப்போகும் என்று மருந்தையே ஒளிக்கிறார்கள். அது பெரும் கொடுமை.

2019-ல் உலகில் ஆஸ்துமாவால் இறந்தவர்கள் சுமார் 4,55,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பகுதி வருமானம் குறைந்த நாடுகளில். அதே நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்த இரண்டு இன்ஹேலரும் இருக்கின்றன. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறதே, தடுப்பு இன்ஹேலரும் அப்படித் தவறாமல் வரவேண்டும் என்று கிராமசபையில் எழுந்து கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

சரி, இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. இன்ஹேலரோடு மாட்டுகிற ஸ்பேசர், அதாவது மருந்துப் புகை தங்கி நிதானமாக இழுக்க உதவும் கூடு, வாங்கக் காசில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 500 மில்லி தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் இறுக்கமாகப் பொருந்துகிற அளவுக்கு ஓட்டை போட்டு, கழுத்துப் பக்கம் வாய் வைத்து இழுத்தால் போதும். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் சோதித்து 1999-ல் வெளியிட்டார்கள், கடை ஸ்பேசர் அளவுக்கு வேலை செய்தது. நாலு பாட்டில் தயார்செய்து கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இன்ஹேலர் வைத்திருக்கிறவர்கள் மேசைப் பக்கம் வாருங்கள், இழுத்துக் காட்டுகிறேன்.