தூங்கும் ஃபாலோயர்களை என்ன செய்யலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

துணிக்கடை வைத்திருப்பவர்கள், வீட்டிலேயே கேக் செய்து விற்பவர்கள், டியூஷன் எடுப்பவர்கள் என்று சின்னச் சின்னத் தொழில் செய்கிறவர்களின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் என்னிடம் கேட்பது இதுதான்: "பத்தாயிரம் ஃபாலோயர் இருக்காங்க, லைக் நூத்தம்பதைத் தாண்ட மாட்டேங்குது. சும்மா இருக்கிறவங்களை எல்லாம் தூக்கிட்டா ரீச் ஏறுமாமே, நிஜமா?"

தாராளமாகத் தூக்கலாம். ஆனால் ரீச், அதாவது பதிவு போய்ச் சேரும் ஆட்களின் எண்ணிக்கை, ஏறும் என்று நம்பித் தூக்காதீர்கள். இதுதான் என் பதில்.

சும்மா இருக்கிறவர்கள் என்று நாம் சொல்லும் கூட்டத்தில் பல ரகம் உண்டு. சிலது ஃபேக் ஐடி; அதற்குப் பின்னால் ஆளே கிடையாது. சிலர் நிஜ மனிதர்கள்தான், ஆனால் ஆப்பைத் திறந்தே வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். மிச்சப் பேர் தினமும் வருகிறார்கள், பார்க்கிறார்கள், எதையும் தொடாமல் போய்விடுகிறார்கள்.

இதில் ஆப்பைத் திறக்காதவரை எடுத்துக்கொள்வோம். அவர் உங்கள் ரீச்சைக் குறைக்கிறார் என்பது பரவலான நம்பிக்கை. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரி 2021-ல், யாருக்கு எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்று முடிவு செய்யும் தங்கள் வரிசைமுறை எப்படி வேலை செய்கிறது என்று விளக்கி எழுதினார். பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறோம் என்றார். இவர் இந்தப் பதிவில் சில நொடிகள் நிற்பாரா, லைக் போடுவாரா, கமெண்ட் எழுதுவாரா, சேமித்து வைப்பாரா, புரொஃபைல் படத்தைத் தட்டிப் பார்ப்பாரா என்று ஊகிப்பதுதான் அந்தக் கணக்கு. ஆப்பையே திறக்காத ஒருவருக்கு இந்தக் கணக்கைப் போட வேண்டிய தேவையே வராது. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்காரர் பேப்பர் படிக்கவில்லை என்று பத்திரிகைக்காரர் வருத்தப்பட முடியுமா? அது மாதிரிதான்.

ரீச்சுக்கு நிஜமாகவே இடைஞ்சலாக இருப்பவர்கள் முழித்துக்கொண்டிருக்கிறவர்கள். "மூணு பேரை டேக் பண்ணுங்க, ஃபாலோ பண்ணுங்க, குலுக்கலில் புடவை வெல்லுங்க" என்று போட்டி வைத்தால் ஒரே வாரத்தில் கூட்டம் சேரும். அவர்களுக்கு வேண்டியது அந்த ஒரு புடவை. அப்புறம் நீங்கள் போடும் ஒவ்வொரு ரீலும் அவர்கள் முன்னால் வரும், ஒரு நொடிகூட நிற்காமல் தள்ளிவிட்டுப் போவார்கள். எனக்குத் தெரிந்து, விலைக்கு வாங்கிய ஃபாலோயருக்கு அடுத்தபடியாகக் கெடுதல் செய்வது இந்தக் குலுக்கல் கூட்டம்தான்.

ஆனால் இவர்களைப் பொறுக்கி எடுத்து வெளியே தள்ளுவது லேசில்லை. வெளியிலிருந்து பார்க்கும்போது இவர்களும் சத்தம் போடாத நல்ல வாடிக்கையாளரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ஜேக்கப் நீல்சன் என்ற வலைத்தள ஆய்வாளர் 2006-ல் ஒரு கணக்குச் சொன்னார்: இணையக் கூட்டங்களில் பொதுவாக நூறு பேரில் தொண்ணூறு பேர் பார்ப்பதோடு சரி, ஒன்பது பேர் எப்போதாவது பேசுவார்கள், ஒரே ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார். நான் பார்க்கிற கடைகளிலும் இதே கதைதான். ஒரு லைக்கூடப் போட்டிராத அம்மா நேராகக் கடைக்கு வந்து, "போன வாரம் போட்டீங்களே, அந்த மெரூன் கலர் இன்னும் இருக்கா?" என்று கேட்பார். லைக் போடவில்லை என்பதற்காக அவரை நீக்கியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

சரி, ஃபேக் ஐடி விஷயத்துக்கு வருவோம். இங்கே எனக்கு இரக்கமே கிடையாது, தூக்க வேண்டியதுதான். அந்தந்த நிறுவனங்களே அவ்வப்போது பெருக்கித் தள்ளியிருக்கின்றன. 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளை மொத்தமாக நீக்கியபோது, இன்ஸ்டாகிராமின் சொந்தக் கணக்கிலேயே சுமார் 1 கோடியே 89 லட்சம் ஃபாலோயர்கள் காணாமல் போனார்கள். பாடகர் ஜஸ்டின் பீபருக்கு 35 லட்சம் குறைந்தது. 2018 ஜூலையில் ட்விட்டரின் முறை. சந்தேகத்தின் பேரில் முடக்கி வைத்திருந்த கணக்குகளை எண்ணிக்கையிலிருந்து கழித்தார்கள். ட்விட்டரின் சொந்தக் கணக்குக்கே 77 லட்சம் போனது, ஒபாமாவுக்கு 20 லட்சத்துக்கும் மேல். அப்போது அந்த நிறுவனத்தின் சட்டப் பிரிவுத் தலைவராக இருந்தவர் ஹைதராபாத்தில் பிறந்த விஜயா கட்டே. பெரும்பாலானவர்களுக்கு நாலு பேரோ அதற்கும் குறைவாகவோதான் குறையும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதாவது, போலிகள் சாதாரண ஆட்களை விடப் பிரபலங்களைத்தான் மொய்க்கின்றன.

அந்த வருஷம் ட்விட்டர் அவ்வளவு வேகம் காட்டியதற்கு ஒரு பின்னணி உண்டு. 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை டெவுமி என்ற அமெரிக்க நிறுவனத்தைப் பற்றி நீண்ட புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. தொழிலே ஃபாலோயர் விற்பதுதான். கையில் இருந்தது சுமார் 35 லட்சம் தானியங்கிக் கணக்குகள். அவற்றையே திரும்பத் திரும்ப விற்று, 20 கோடிக்கும் மேற்பட்ட ஃபாலோயர்களை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். குறைந்தது 55,000 கணக்குகளில் நிஜ மனிதர்களின் பெயரும் படமும் திருடிப் போடப்பட்டிருந்தன. பள்ளிப் பிள்ளைகள் படம்கூட அதில் இருந்தது. 2019-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்தது. நம் நாட்டிலும் 2020-ல் ஒரு பாடகி தன் பெயரில் போலிக் கணக்கு இருப்பதாகப் புகார் கொடுக்க, அதைத் துருவிய மும்பை போலீஸ் காசுக்கு ஃபாலோயர் விற்கும் கும்பல் ஒன்றைப் பிடித்தது.

இந்த வேலைக்கென்று உருவாக்கிய கணக்குகள் நாம் கூப்பிடாமலே நம்மிடமும் வரும். காசு கொடுத்தவரை மட்டும் ஃபாலோ செய்தால் மாட்டிக்கொள்ளும் அல்லவா? அதனால் சாதாரண ஆள் மாதிரி காட்டிக்கொள்ளக் கண்ணில் பட்டவரை எல்லாம் ஃபாலோ செய்யும். ஆகவே உங்கள் பட்டியலில் ஃபேக் ஐடி இருந்தால் நீங்கள் வாங்கியதாக அர்த்தமில்லை. யாராவது கேலி செய்தால் இதைச் சொல்லுங்கள்.

கண்டுபிடிப்பது எப்படி? படம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, படத்தையே திருடுகிறார்கள் என்று இப்போதுதான் சொன்னேன். அந்தக் கணக்கு எத்தனை பேரைப் பின்தொடர்கிறது என்று பாருங்கள். இன்ஸ்டாகிராமில் ஒருவர் அதிகபட்சம் 7,500 பேரைத்தான் ஃபாலோ செய்யலாம். அந்த உச்சியை ஒட்டி நிற்கிறது, சொந்தப் பதிவு ஒன்றுமில்லை, பெயருக்குப் பின்னால் நீளமாக எண்கள் தொங்குகின்றன என்றால் யோசிக்க வேண்டாம்.

கடைக்காரர்கள் இதைச் செய்ய இன்னொரு காரணமும் உண்டு. விளம்பரத்துக்கு ஆள் தேடுகிற கம்பெனிகள் இப்போது ஃபாலோயர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை, லைக்கையும் கமெண்டையும் கூட்டி ஃபாலோயர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கிறார்கள். பத்தாயிரம் பேருக்கு 150 என்றால் ஒன்றரை சதவீதம். நாலாயிரம் போலியைத் தூக்கிவிட்டால் அதே 150 இரண்டரை சதவீதம் ஆகிவிடும். கணக்கு அழகாகத் தெரியும், எதிரில் இருப்பவரிடம் உண்மையான எண்ணைச் சொன்ன நிம்மதியும் உண்டு. ஆனால் கவனியுங்கள், அந்த 150 அப்படியேதான் இருக்கிறது. கூடுதலாக ஒரு புடவைகூட விற்கவில்லை.

ஃபேஸ்புக்கில் விஷயம் கொஞ்சம் வேறு. அங்கே நண்பர்கள் 5,000 பேர் என்று உச்சவரம்பு உண்டு. அது நிறைந்துவிட்டால் புதிதாக யாரையும் சேர்க்க வழியில்லை. அங்கே களையெடுப்பதில் நேரடியான பலன் இருக்கிறது. கணக்கை முடக்கிவிட்டுப் போனவர்கள் பட்டியலில் படமில்லாமல் நிற்பார்கள்; அவர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம்.

ஆனால் அங்கே கை வைக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். நீண்ட நாளாக வராதவர் என்றால் அவர் இறந்தும் போயிருக்கலாம். 2019 நவம்பரில் ட்விட்டர் ஆறு மாதத்துக்கு மேல் உள்ளே வராத கணக்குகளை நீக்கப்போவதாக அறிவித்து, டிசம்பர் 11 வரை கெடு வைத்தது. எங்கள் அப்பா எழுதியதெல்லாம் அதில்தானே இருக்கிறது, எங்கள் பிள்ளையின் கணக்கு என்னாகும் என்று குடும்பத்தினர் கேட்கக் கேட்க, நிறுவனத்திடம் பதில் இல்லை. மறுநாளே பின்வாங்கினார்கள். 2023 மே மாதம் ஈலான் மஸ்க் பல வருஷமாக அசைவில்லாத கணக்குகளை நீக்குகிறோம் என்று சொன்னபோதும் இதே பேச்சுதான் எழுந்தது. ஃபேஸ்புக் இந்த விஷயத்தில் கொஞ்சம் பக்குவமாக நடந்துகொண்டது என்பேன். இறந்தவர் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றலாம். 2015 முதல் பக்கங்களின் லைக் எண்ணிக்கையில் அப்படிப்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை. எண்ணும் சரியாகிவிட்டது, நினைவும் அழியவில்லை. நீங்களும் தெரிந்த பெயராக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு பெயர் கூட இருப்பதால் என்ன குறைந்துவிடப் போகிறது?

கடை எதுவும் இல்லாமல் சொந்தக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகள் படம் போடும் பெற்றோருக்கு, நான் சொல்வது வேறு. நீங்கள் ரீச்சையும் சதவீதத்தையும் மறந்துவிடுங்கள். பட்டியலை மேலிருந்து கீழே வரை படியுங்கள், யார் என்றே தெரியாதவரை எல்லாம் நீக்குங்கள். கணக்கை பிரைவேட் ஆக்கிவிட்டேன், இனிப் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பிரைவேட் ஆக்கினால் புதியவர்கள்தான் அனுமதி கேட்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் உள்ளேயேதான் இருப்பார். நீக்கினால் அவருக்குத் தகவல் போகாது. மறுபடி வரவே கூடாது என்றால் பிளாக் செய்ய வேண்டும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. தூங்கும் ஃபாலோயர்களை ஒரே தட்டில் நீக்கித் தருகிறோம் என்று சொல்லும் ஆப்கள் நிறைய. அவை முதலில் கேட்பது உங்கள் பாஸ்வேர்டைத்தான். ஃபேஸ்புக் லாகினைத் திருடும் 400-க்கும் மேற்பட்ட ஆப்களைக் கண்டுபிடித்ததாக, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனமே 2022 அக்டோபரில் அறிவித்தது. போலியை விரட்டப் போய்க் கணக்கையே பறிகொடுக்காதீர்கள். கையால் நீக்குங்கள், அதுவும் ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் வேண்டாம். இயந்திரம் செய்கிறது என்று நினைத்து நிறுவனம் உங்களையே கொஞ்ச நாள் முடக்கிவைக்கும். தினமும் டீ குடிக்கிற நேரத்தில் கொஞ்சம் பேர், அவ்வளவு போதும். ஏற்கெனவே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே மாற்றுங்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

நன்றி, வணக்கம்.