தேய்மானத்தை அளக்க டெல்டாவில் ஒரு கூடம்

விழாத் தலைவர் அவர்களே, பாலிடெக்னிக் முதல்வர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து மேடையைப் பெருமைப்படுத்தியிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, பட்டறையை அடைத்துவிட்டு மன்னார்குடிக்கு வந்திருக்கும் லேத் தொழிலாளர்களே, குறுவை வேலைக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கிய விவசாயப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

எறும்பூரக் கல்லும் தேயும் என்பார்கள். உலோகக் கண்ணாடி என்றால் என்ன, உராயும்போது அது எப்படித் தேய்கிறது, நம் இயந்திரங்களில் அதை எங்கே பொருத்தலாம் என்ற மூன்றையும் பேச எண்ணி வந்திருக்கிறேன்.

1960-இல் அமெரிக்காவின் கால்டெக் தொழில்நுட்பக் கழக ஆய்வுக்கூடத்தில் போல் டுவெஸ் குழுவினர், தங்கமும் சிலிக்கானும் கலந்து உருக்கிய குழம்பை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற அளவிலான வேகத்தில் குளிரவைத்தார்கள். அணுக்கள் வரிசை கட்டுவதற்குள் உலோகம் இறுகிவிட்டது. அதுதான் உலோகக் கண்ணாடி. சுவாமிமலையில் அச்சுக்குள் மெல்ல ஆறும் வெண்கலம், அணுக்கள் வரிசையாக அடுக்கிய சிறுசிறு படிகங்களாகவே இறுகுகிறது; உலோகக் கண்ணாடியில் படிகமும் இல்லை, படிக எல்லையும் இல்லை.

கூத்தாநல்லூர் பக்கம் ஒரு நண்பருடைய போர் மோட்டார், நட்ட பயிர் பச்சை பிடிப்பதற்கு முன்பே நின்றுபோனது. மெக்கானிக் பம்பைப் பிரித்து, சுழலும் ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷைக் கழற்றி என் கையில் வைத்தார். உள்சுவரில் நகம் சிக்கும் ஆழத்துக்கு வரிவரியாகக் கோடுகள். கோடுகளுக்குள் தண்ணீரோடு ஏறிய பொடிமணல் பளபளத்தது. “கெட்டியான புஷ்ஷாப் போடுங்கன்னு கேக்கறாங்க அய்யா. போட்டா புஷ் நிக்குது, ஷாஃப்ட்டு தேயுது” என்றார் அவர். பக்கத்து வயல்காரரிடம் தண்ணீர் கேட்டு, குழாய் இரவல் வாங்கி, இரவெல்லாம் வரப்பில் நின்று அந்த நாற்றைக் காப்பாற்றினார் நண்பர். எறும்பூரக் கல்லும் தேயும். மணல் ஊர எஃகும் தேயும். இதில் அந்த மெக்கானிக் சொன்ன வார்த்தைதான் முக்கியம்: தேய்மானம் ஒரு பொருளின் குணம் மட்டுமன்று, உராயும் இரண்டு பொருள்களும் சேர்ந்து தீர்மானிப்பது.

கடினம் கூடினால் தேய்மானம் குறையும் என்பது 1953-இல் ஆர்ச்சர்ட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சூத்திரத்தின் சாரம். சிர்க்கோனியம் என்ற உலோகத்தை முதன்மையாகக் கொண்ட உலோகக் கண்ணாடி, சாதாரணத் துருப்பிடிக்காத எஃகைவிட இரண்டு மூன்று மடங்கு கடினமானது. ஆனாலும் அந்தக் கடினத்துக்கு ஏற்ற அளவு தேய்மானம் எப்போதும் குறைவதில்லை. அழுத்தம் ஏறும்போது அதன் உருமாற்றம் பத்து, இருபது நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தடிப்புள்ள மெல்லிய பட்டைகளில் குவிகிறது. அந்தப் பட்டை இறுகுவதற்குப் பதிலாக இளகுகிறது. உலோகக் கண்ணாடி வெப்பத்தையும் சரியாகக் கடத்தாததால், சூடு உராயும் புள்ளியிலேயே தங்கிவிடுகிறது. வைட்ரலாய் என்ற உலோகக் கண்ணாடி வகை ஏறத்தாழ 350 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். மேலும் சூடேறினால் படிகமாக மாறி நொறுங்கும் தன்மை பெறும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் உண்டாக்கும் படலம் சில வேளை காக்கிறது. பெயர்ந்தால் அதன் துகளே அராவத் தொடங்குகிறது.

எங்கே பொருத்தலாம் என்பதற்கு, எண்ணெய் கெட்டியாகிவிடும் கடுங்குளிரில் மசகில்லாமல் ஓடும் பற்சக்கரங்களை நாசாவின் ஜேபிஎல் ஆய்வுக்கூடம் உலோகக் கண்ணாடியில் செய்து சோதித்திருப்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். நம் ஊருக்கான விடை நம் மணலில்தான் இருக்கிறது. சுமை, வேகம், ஈரம், எதிரே உராயும் பொருள் என இத்தனையும் முடிவை மாற்றும்போது, விலைப்பட்டியலைப் பார்த்து எந்தப் புஷ்ஷையும் தேர்ந்தெடுக்க முடியாது. சுழலும் தட்டின் மேல் ஊசியை அழுத்தித் தேய்மானத்தை அளக்கும் கருவி ஒன்றை இந்தப் பாலிடெக்னிக்கில் நிறுவி, பட்டறைக்காரர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று முதல்வர் அவர்களையும் ஊராட்சித் தலைவர் அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. அன்பர்கள் கையெழுத்திடுவதோடு, இனிக் கழற்றும் தேய்ந்த புஷ்களைப் பழைய இரும்புக்குப் போடாமல், போரின் ஆழத்தையும் மாட்டிய மாதத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டி இங்கே கொடுத்தனுப்புங்கள்.