ஆகஸ்ட் விடுமுறையும் கோணேசர் மலையும்

பெரியோர்களே, தாய்மாரே, விடுமுறைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் குடும்பத்தின் ஒரு வழக்கத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இந்தக் கொழும்பில் வாழும் உங்களில் பலருக்கு அது சொந்தக் கதையாகவே இருக்கும். ஆகஸ்டில் பாடசாலை மூடியதும் நாங்கள் திருகோணமலைக்குப் புறப்பட்டுவிடுவோம். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இரவு ரயில். வாழையிலையில் கட்டிய புட்டும் பொரித்த மிளகாய்ச் சம்பலும் ராகமை தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை பிரியும்போது சிறுவர்கள் யாரும் விழித்திருக்கமாட்டார்கள்.

ஆகஸ்ட் மாதத்தைப் பெரியவர்கள் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் நம் வெள்ளவத்தைக் கடல் சீறும் அதே மாதங்களில் கிழக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். காலிமுகத்திடலில் சூரியன் கடலுக்குள் இறங்குவதை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, அது கடலிலிருந்து எழுந்து வருவதைக் காட்டுவது எவ்வளவு பெரிய கொடை!

கோயிலுக்குப் போகும் வழியைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். திருகோணமலையில் கடலோர மலைமேல் இருக்கும் சிவன் கோயிலான கோணேசர் கோயிலுக்கு, அங்குள்ள பழைய கோட்டையின் வாசல் வழியாகத்தான் போகவேண்டும். அந்த மலையில் இருந்த பழைய பெருங்கோயிலைப் போர்த்துக்கீசர் இடித்தார்கள். அதன் கற்களைக் கொண்டே 1624இல் கோட்டை எழுப்பினார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள், பிரெட்றிக் கோட்டை என்று பெயரும் வைத்தார்கள். இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கும். எங்கள் அம்மம்மா பாடம் நடத்தவில்லை. வாசலில் எல்லாரையும் நிறுத்தி, "மீனைக் கண்டுபிடித்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம்" என்பார். கல்லில் செதுக்கிய இணைக்கயல், பாண்டியர் சின்னம், அங்கே இருக்கிறது. பக்கத்தில் உடைந்துபோன தமிழ்க் கல்வெட்டு. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி (போர்த்துக்கீசன்) பிரிப்பான் என்று சொல்லும் வரிகளின் மிச்சம் அது. கோயிலை இடித்தவர்களின் வாசலிலேயே கோயிலின் சாட்சி நிற்கிறது. ஏழு வயதுப் பிள்ளை அந்த மீனை விரலால் தடவிப் பார்த்துவிட்டால், 1624 என்ற ஆண்டைப் பிறகு யாரும் மனப்பாடம் செய்விக்கவேண்டியதில்லை.

அதன் பிறகு மான்களைப் பார்த்தபடி மேட்டில் ஏறுவோம். கோட்டைக்குள் புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாமல் மேயும். உச்சியில் இராவணன் வெட்டு, இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லும் பாறைப் பிளவு. கீழே எட்டிப்பார்த்தால் தலை சுற்றும் ஆழத்தில் கடல். குழந்தை வரம் வேண்டிக் கட்டிய சின்னஞ்சிறு தொட்டில்கள் மரத்தில் ஆடும். அங்கே நின்று பதிகம் பாடியாகவேண்டும். குரல் நன்றாக இல்லை என்று யாரும் தப்பிக்கமுடியாது. "குரைகடல் ஓத நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே" என்று 7ஆம் நூற்றாண்டில் பாடிய திருஞானசம்பந்தர் இந்த மலைக்கு வந்ததில்லை. இராமேசுவரத்தில் இருந்தபடியே பாடினார் என்பது மரபு. வராமலே அவர் பாடிய கடலைக் கண்முன் வைத்துக்கொண்டு நாம் வாய்மூடி நிற்கலாமா என்று அம்மம்மா கேட்பார். அந்தக் கேள்விக்கு முன் எங்கள் வீட்டில் எவரும் வாய்மூடி நின்றதில்லை.

இடித்த கோயில் இடிந்தபடியே போய்விடவும் இல்லை. 1950இல் கிணறு தோண்டியபோது, மண்ணுக்குள் மறைத்து வைத்திருந்த திருமேனிகள் வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் எல்லாம் திரும்பி வந்தார்கள். கோயில் புதிதாக எழுந்து 1963இல் குடமுழுக்குக் கண்டது. அம்மம்மா அந்தச் செய்தியைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கண் கலங்கும்.

திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியாவையும் விட்டுவிடக்கூடாது. ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஏழிலும் வெவ்வேறு சூடு. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் கழித்த இடம் என்று நம்பி, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு இன்றும் அங்கே போகிறார்கள். பிள்ளைகளுக்கோ வாளியும் கூச்சலும் போதும்.

பிறகு போர் வந்தது. வழிகள் அடைபட்டன, எங்கள் ஆகஸ்ட் வெறுமையாகக் கழிந்த ஆண்டுகள் பல. பயணம் மறுபடி தொடங்கியபோது அம்மம்மா இல்லை. வாசலில் எங்களை நிறுத்தும் வேலையை என் அம்மா எடுத்துக்கொண்டார். அன்று என் பிள்ளைகள் மீனைத் தேடியபோதுதான், வழக்கம் என்பது ஆளோடு போய்விடுவதில்லை என்று எனக்கு நிச்சயமானது.

இதை இன்று வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இப்போதும் கொழும்பிலிருந்து திருகோணமலைக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். ஆனால் நிலாவெளி ஹோட்டலின் நீச்சல் குளத்துக்கு இரண்டு நாள், கோணேசருக்கு அரைமணி. அதுவும் வேனில் வாசலைக் கடந்து, மேலே போய் இறங்கி, படம் எடுத்துத் திரும்புகிறோம். மீன் இருக்கும் வாசலை எழுபது எண்பது பேர் கொண்ட பெரிய குடும்பங்களே திரும்பிப் பாராமல் கடந்துபோவதைக் கண்டு மனம் வெந்திருக்கிறேன். கடலில் குளியுங்கள், நன்றாக விளையாடுங்கள், நான் தடுக்கவில்லை. ஒரு காலைப் பொழுதை மட்டும் மலைக்குக் கொடுங்கள்.

இந்த ஆகஸ்டில் போகிறவர்கள் வேனைக் கோட்டை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். வெயில் ஏறுமுன் போனால் முதியவர்களுக்கும் சிரமம் இராது. அவர்களை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்; அந்த வாசலில் கதை சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். பதிகம் மறந்துபோனவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன். நன்றி, வணக்கம்.